வெள்ளிக்கிழமை வந்தவர்

பிழை என்று சிவப்பு எழுத்தில் கத்துகிற கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டை நான் ஒருநாளும் திட்டியதில்லை. கத்தினால் நல்லது. எந்த வரியில், எதற்காக என்று அதுவே சொல்லிவிடும். போய்ச் சரி செய்துவிட்டு கோப்பி குடிக்கப் போகலாம். என் வயிற்றெரிச்சலெல்லாம் வாயை மூடிக்கொண்டு ஓடுகிற ஸ்கிரிப்டுகள் மேல்தான். உள்ளே எல்லாம் புட்டுக்கொண்டிருக்கும். வெளியே 'வெற்றிகரமாக முடிந்தது' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் படுத்துக்கொள்ளும். மனிதர்களிலும் இந்த ரகம் உண்டு. அவர்களோடும் எனக்கு ஒத்துப்போவதில்லை.

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் கூலாயில், நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தாலே கூரை தெரிகிற ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. புட்டிகளுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்கிற இடம். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எந்த இயந்திரம் எவ்வளவு நேரம் நின்றது, எந்த லோரி எதை ஏற்றிப் போனது என்பதெல்லாம் ஒரு டேட்டாபேஸில் போய் விழும். அதைப் பார்த்துக்கொள்வது நான். அதிலிருந்து இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்கிற கேள்விக்குத்தான் குவெரி என்று பெயர். அந்தக் கேள்விகளை யாராவது ஒருமுறை ஸ்கிரிப்டுக்குள் எழுதி வைத்துவிட்டால், பிறகு மனிதர்கள் கேட்க வேண்டியதில்லை. ஸ்கிரிப்டே தினமும் கேட்டு, பதிலை வாங்கி, அதன்படி காரியமும் செய்துவிடும்.

அப்படி ஒரு ஸ்கிரிப்ட்தான் அந்த அக்காவின் கார்டை அடைத்தது.

அக்கா மூடிகளைச் சோதிக்கிற பிரிவில் இருந்தார். நான் அங்கே சேர்வதற்கு வெகு காலம் முன்பிருந்தே இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். குரல் பெரியது. கெந்தின் என்கிற எங்கள் உணவகத்தில் அவர் சிரித்தால் லோரிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு மூடியைக் கையில் எடுத்து விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வடியும்" என்பார். அவ்வளவுதான், அது குப்பைக்குப் போய்விடும். என்னை 'கம்ப்யூட்டர் தங்கச்சி' என்று கூப்பிடுவார். எனக்கும் அந்தப் பட்டம் பிடித்திருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நான் காடியை வண்டி நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு வாசலுக்கு வரும்போது, சுழல்கேட்டின் முன்னால் அக்கா நின்றுகொண்டிருந்தார். பின்னால் நீளமாக வரிசை. அவர் கார்டைத் தட்டுகிறார், சிவப்பு விளக்கு எரிகிறது. மறுபடி தட்டுகிறார், மறுபடி சிவப்பு. நேப்பாளத்துக் காவலாளி சங்கடத்தோடு, "மாக்சிக், தா போலே மாசோக்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உள்ளே போக முடியாதாம்.

"ஏன் முடியாது? நேத்து வரைக்கும் என் கார்டு நல்லாத்தானே இருந்திச்சு," என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்தார். "தங்கச்சி, உன் சாமான் என்னைப் போடின்னு சொல்லுது பாரு. என்னன்னு கேளு."

கார்டில் தூசி, இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற சிப் கெட்டிருக்கும் என்று நினைத்து, அவரைக் காவலாளியின் அறையில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். என் திரையில் அவருடைய பெயருக்கு எதிரே தெளிவாக எழுதியிருந்தது: தகவல் இல்லாமல் தொடர்ந்து மூன்று வேலை நாள் வரவில்லை. வேலை ஒப்பந்தம் முறிந்தது. கார்டு ரத்து.

எங்கள் தொழிற்சாலையில் அது இரும்பு விதி. தகவல் சொல்லாமல் ஒன்றிரண்டு நாள் வராவிட்டால் திட்டு விழும், சம்பளம் பிடிப்பார்கள். தொடர்ந்து மூன்று வேலை நாள் ஆகிவிட்டால், நீயாகவே வேலையை விட்டுப் போய்விட்டாய் என்று அர்த்தம். முன்பெல்லாம் ஒருவர் உட்கார்ந்து பார்த்து, போன் போட்டு விசாரித்து, அப்புறம்தான் கடிதம் அனுப்புவார்கள். அந்த வேலையை ஸ்கிரிப்டிடம் கொடுத்த பிறகு போனும் இல்லை, விசாரணையும் இல்லை. விடிகிற நேரத்தில் அது ஓடும், எண்ணும், மூன்று வந்தால் மட்டும் கார்டை அடைத்துவிடும்.

காவலாளி அறைக்குத் திரும்பிப் போய்க் கேட்டேன். "அக்கா, நீங்க எந்தெந்த நாள் வரல?"

"வியாழக்கிழமை வரல. என் கூடப்பிறந்த தங்கச்சிய பாலோல அவ வீட்லருந்து குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், நெஞ்சு வலின்னு. லைன் லீடருக்கு வாட்சப் போட்டேன். வெள்ளிக்கிழமை வந்தேன். ஆள் பத்தல, லோரி நிக்குது, வாங்கக்கான்னு அவன்தான் கெஞ்சினான். அவள ஆஸ்பத்திரில போட்டுட்டு வந்து நின்னேன் தங்கச்சி. சனி, ஞாயிறு லீவு. திங்கக்கிழமை அவளுக்கு ஓப்பரேஷன், அதனால வரல. அதுக்கும் மெசேஜ் போட்டேன்."

வியாழன் ஒன்று, திங்கள் ஒன்று. நடுவில் வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்திருக்கிறார். அக்காவின் பிரிவை மேற்பார்க்கிற அந்த லைன் லீடர் தங்கமானவர், ஆனால் வாட்சப்பில் வந்ததை உட்கார்ந்து சிஸ்டத்தில் பதியும் பழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது. அதனால் இரண்டு நாளும் தகவல் இல்லாத நாள்களாகவே விழுந்திருக்கும், சரி. ஆனால் இரண்டு எப்படி மூன்றாகும், அதுவும் தொடர்ந்து? நேராக டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை அவர் கார்டைத் தட்டி உள்ளே வந்தது இருந்தது. மாலையில் தட்டி வெளியே போனதும் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு மனிதவள மேலாளரிடம் போனேன். நம்மவர்தான். நன்றாகப் படித்தவர். சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருப்பார். மேலே உள்ளவர்கள் பெயரைச் சொன்னாலே குரல் இறங்கிவிடும். நான் காட்டியதைப் பார்த்தார், பிறகு தன் திரையில் இருந்த அறிக்கையைப் பார்த்தார். அதில் நாள்கள் தனித்தனியாக இல்லை. 'தொடர்ந்து 3' என்றும், கடைசி நாள் திங்கள் என்றும் மட்டும்தான் இருந்தது.

"திங்கள்லருந்து பின்னால எண்ணுங்க. திங்கள், வெள்ளி, வியாழன். மூணு," என்றார்.

"அதான் சார் வெள்ளிக்கிழமை வந்திருக்காங்களே. இதோ இருக்கு."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கார்டு வந்திருக்கு லா. ஆள் வந்தாங்களா? கூட்டாளிங்க கார்ட மாத்தி மாத்தித் தட்றது இங்க புதுசா? சிஸ்டம் சும்மா சொல்லாது. அது எதையோ கண்டுபிடிச்சிருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பதிவில் ஒன்று தப்பாக இருந்தால், மனிதரைத் திருடர் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகவில்லை. ஸ்கிரிப்டைச் சந்தேகப்பட மட்டும் மனசு வரவில்லை. அதையே அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை. பெரிய மனசு பண்ணுகிற குரலில், "பழைய ஆளு. பாவம். ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொல்லுங்க, மூணு நாள் வரலன்னு ஒத்துக்கிட்டு. நான் பேசி கார்டத் திறந்து விடறேன். வியாழக்கிழமை சாயங்காலம் பெயரெல்லாம் தலைமையகத்துக்குப் போயிடும். அதுக்குப் பிறகு என்னால ஒண்ணும் செய்ய முடியாது," என்றார்.

சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன்: அந்த நேரத்தில் எனக்கு அது நல்ல வழியாகத்தான் தெரிந்தது. ஒரு கையெழுத்து, கார்டு திறந்துவிடும், பிறகு ஆற அமர நான் பிழையைத் தேடிக்கொள்ளலாம். இந்த வயதில் கூலாயிலிருந்து செனாய் வரைக்கும் எந்த வாசலில் போய் நின்றாலும் அக்காவை யார் எடுப்பார்கள்? அதை மனதில் வைத்துத்தான் போய்ச் சொன்னேன்.

அக்கா முழுதாகக் கேட்டார். பிறகு மெதுவாக, அவருக்குப் பழக்கமே இல்லாத சின்னக் குரலில் கேட்டார். "வெள்ளிக்கிழமை நான் வரலன்னு எழுதணுமா?"

"சும்மா ஒரு கடிதம்தான்கா."

"என் தங்கச்சி ஆஸ்பத்திரில கிடக்கறப்ப விட்டுட்டு வந்து மூடி பார்த்தேன். வந்தேன். வரலன்னு நான் எழுத மாட்டேன். வேலை போனா போகட்டும். என் கார்ட வேற யாரோ தட்டினாங்கன்னு சொன்னானா அவன்? என் முகத்தப் பார்த்துச் சொல்லச் சொல்லு." கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "உன் கம்ப்யூட்டர்தானே சொல்லிச்சு. அது வாயாலயே மாத்திச் சொல்லட்டும். அது வரைக்கும் நான் வீட்ல இருக்கேன்."

தொழிற்சாலை பஸ் அந்த நேரத்தில் கிடையாது. வெயிலில் குடையை விரித்துக்கொண்டு பெரிய சாலைக்கு நடந்து போனார். கடிதம் எழுதச் சொன்ன என் வாயை நானே நொந்துகொண்டேன். அவரை வாசலுக்குள் கொண்டு வந்தால், வெள்ளிக்கிழமை வந்தவராகத்தான் கொண்டு வருவது என்று அப்போதே தீர்மானித்துக்கொண்டேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஜொகூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பத்து வருடத்துக்கு மேல் எங்கள் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை நாள், பள்ளி நாள். தனியார் கம்பெனிகள் அவரவர் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம் என்றாலும் எங்கள் தொழிற்சாலை மாநிலத்தோடு போனது. என் வீட்டுக்காரருக்கு சிங்கப்பூரில் வேலை. அவருக்கு லீவு சனி, ஞாயிறு. உலு திராமில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் இருவரும் முழுதாகச் சேர்ந்திருந்தது சனிக்கிழமை மட்டும்தான். நான் வெள்ளிக்கிழமை தனியாக ரொட்டி சானாய் தின்றுகொண்டிருப்பேன், அவர் ஞாயிற்றுக்கிழமை தனியாகத் துணி துவைத்துக்கொண்டிருப்பார். கல்யாண வீடுகளில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே வேலைக்கு ஓடுவார்கள். பிறகு ஒரு ஜனவரியில் மாநிலம் மறுபடியும் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. எங்கள் வீட்டில் அன்றைக்குப் பாயசம். ஆனாலும் பழக்கம் விடவில்லை. மாதக்கணக்கில் வியாழக்கிழமை சாயங்காலம் ஒருவருக்கொருவர் 'நல்ல லீவு' சொல்லிவிட்டு, பிறகு அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டிருந்தோம். அக்காவின் கதை நடந்தது அந்த வருடத்தில்தான்.

அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். தட்டியது. புதன்கிழமை காலை முதல் வேலையாக, எந்தக் கிழமை லீவு என்று புது சர்வரில் குறித்து வைக்கிற விடுமுறை அமைப்பைத்தான் திறந்து பார்த்தேன். சனிக்கு ஒரு சரி குறி, ஞாயிறுக்கு ஒரு சரி குறி. வெள்ளி காலியாக இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் அதில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கதவு அடைபட்டது என்று நினைத்து, வேறு பக்கம் தேடி அரை நாளை வீணாக்கினேன்.

ஸ்கிரிப்ட் ஓடுவது புது சர்வரில் இல்லை. ஸ்டோர் பக்கத்து அறையில் ஒரு மேசைக்கடியில் பழைய கம்ப்யூட்டர்ப் பெட்டி ஒன்று இருக்கும். அதன் மேல் 'ஜாங்கான் துத்துப்' என்று, அணைக்காதே என்று, யாரோ மார்க்கர் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார்கள். தாளின் ஓரம் சுருண்டு பழுப்பேறிவிட்டது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினேன். 'வெற்றிகரமாக முடிந்தது' என்றது. பிழைப் பதிவேட்டைத் திறந்தேன். ஒரு வரி இல்லை.

மென்பொருள் விற்ற சிங்கப்பூர் கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்தவர் சென்னைக்காரர், மரியாதையாகப் பேசுவார்.

"மேடம், லாக்ல ஒரு எரர் கூட இல்ல மேடம். ஸ்கிரிப்ட் பர்ஃபெக்டா ரன் ஆகுது."

"எரர் இல்லங்கறதுதான் தம்பி எனக்குப் பயமா இருக்கு. ஒரு ஆள வேலைய விட்டு அனுப்பியிருக்கு லா. வந்த ஆள."

"டேட்டா தப்பா இருக்கலாம் மேடம். கார்டு மாத்தித் தட்டியிருக்கலாம்."

இவருமா என்று போனை வைத்துவிட்டேன். சிங்கப்பூரிலிருந்தும் கூலாயிலிருந்தும் ஒரே பாட்டைப் பாடினால் எனக்குப் பிடிவாதம்தான் கூடும்.

இந்தத் தொழிலில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. ஸ்கிரிப்டுக்குள் இருக்கிற குவெரியை அங்கேயே வைத்துப் படித்தால் ஒன்றும் புரியாது. அது துண்டு துண்டாகக் கிடக்கும். பாதி வாசகம் இங்கே, பாதி அங்கே, நடுநடுவே தேதிக்கும் கிழமைக்கும் வெற்று இடங்கள். ஓடும்போதுதான் எல்லாம் ஒட்டி, இடங்கள் நிரம்பி, முழுக் கேள்வியாகி டேட்டாபேஸுக்குப் போகும். ஆகவே எழுதி வைத்த கேள்வியைப் பார்த்துப் பயனில்லை; கேட்கப்போகிற கேள்வியைப் பார்க்க வேண்டும். அனுப்புவதற்கு ஒரு நொடி முன்னால் அதைத் திரையில் காட்டு என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.

முழுக் கேள்வியும் திரையில் வந்தது. எல்லா நாளையும் பார், ஆனால் விடுமுறைக் கிழமைகளை விட்டுவிடு என்று இருந்தது. விட்டுவிட வேண்டிய கிழமைகள்: 6, 7.

ஆறாம் நாள் சனி, ஏழாம் நாள் ஞாயிறு. சரியாகத்தானே இருக்கிறது என்று நான் அதையும் தாண்டிப் போய்விட்டேன். கடன்காரி, தாண்டிப் போய்விட்டேன். வேறு வரிகளையெல்லாம் நோண்டி மண்டை காய்ந்து, கெந்தினுக்குப் போய் பாலில்லாத கோப்பி ஓ ஒன்று வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தபோது, அக்கா வழக்கமாக உட்காரும் மேசையில் அந்த லைன் லீடர் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வெள்ளிக்கிழமை அவங்க என் பக்கத்துல நின்னாங்க. ஒரு பெட்டி மூடியத் திருப்பி அனுப்பினாங்க. அதை எச்ஆர்கிட்ட சொன்னேன். உன் வாய்ப்பேச்சு சாட்சி ஆகாதுங்கறாரு," என்றார். "வெள்ளிக்கிழமைய எவனும் பார்க்கவே மாட்டேங்கறான்."

அந்தக் கடைசி வாக்கியம் என்னை எழுப்பிவிட்டது. அந்த ஸ்கிரிப்டும் வெள்ளிக்கிழமையைப் பார்க்கவே மாட்டேன் என்கிறது. பார்த்துவிட்டுத் தப்பாகச் சொல்வதில்லை, பார்ப்பதே இல்லை. கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் பழைய பெட்டிக்கு ஓடினேன். நாமெல்லாம் திங்களை ஒன்று என்று வைத்து எண்ணுகிறோம். டேட்டாபேஸ் எதை ஒன்று என்று வைத்து எண்ணுகிறது? அதனிடமே கேட்டேன்: இன்றைக்கு என்ன கிழமை, எண்ணில் சொல்.

அன்றைக்குப் புதன். திங்கள் ஒன்று என்றால் மூன்று என்று வர வேண்டும். நான்கு என்று வந்தது.

அதற்கு ஞாயிறுதான் ஒன்று. அப்படியானால் ஆறு என்பது வெள்ளி, ஏழு என்பது சனி. அந்தப் பெட்டி இன்னும் பழைய ஜொகூரில் இருந்தது. வெள்ளிக்கிழமை லீவு என்று நினைத்து அந்த நாளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை நாள் என்று நினைத்து, அன்றைக்கு வராதவர்களையெல்லாம் எண்ணியிருக்கிறது. வியாழன் வரவில்லை, அடுத்த 'வேலை நாள்' ஞாயிறு வரவில்லை, திங்கள் வரவில்லை. தொடர்ந்து மூன்று. அக்கா நின்று வேலை பார்த்த அந்த ஒரு முழு நாளும் அதன் கணக்கில் இல்லவே இல்லை.

சரி, அமைப்பில் சனி, ஞாயிறு என்று இருக்க, இங்கே எப்படி வெள்ளி, சனி வந்தது? ஸ்கிரிப்டை மேலிருந்து படித்தேன். விடுமுறைக் கிழமைகளை அமைப்பிலிருந்து படித்து வா என்று ஒரு வரி இருந்தது. அதற்கடியில்தான் அந்தச் சதி இருந்தது: படிக்க முடியாவிட்டால் ஒன்றும் சொல்லாதே, பழைய எண்களையே வைத்துக்கொண்டு மேலே போ. அவ்வளவு நாகரிகமாக வாயைப் பொத்தியிருந்தார்கள். அந்த வாய்ப்பூட்டை எடுத்துவிட்டு ஓட்டினேன். திரை முழுக்கச் சிவப்பு. 'இந்த டேபிளைப் படிக்க உனக்கு அனுமதி இல்லை' என்று கத்தியது. மாநிலம் மாறியபோது சிங்கப்பூர்க்காரர்கள் விடுமுறைகளுக்கென்று புது டேபிள், அதாவது ஒரு புது அட்டவணை, கட்டினார்கள். அதைப் படிக்க இந்த ஸ்கிரிப்டுக்கு அனுமதி கொடுக்க மறந்துவிட்டார்கள். அது தினமும் போய்க் கதவைத் தட்டி, துரத்தப்பட்டு, வெளியே சொல்லாமல், பழையபடியே எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறது. எனக்கு அந்தச் சிவப்பு எழுத்துகளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. தரையில் உட்கார்ந்தபடி தனியாகச் சிரித்தேன். ஸ்டோர் ஆள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சென்னைத் தம்பியை மறுபடி கூப்பிட்டேன். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "மேடம், அனுமதி இன்னைக்கே கொடுத்துடறோம். புகார் டிக்கெட்ல மட்டும் எரர்னு போடாம, கஸ்டமர் கேட்ட மாற்றம்னு போட்டுடலாமா?" என்றார்.

"அடுத்த வாய்ப்பூட்டா? தப்புன்னே போடுங்க தம்பி. கொட்டை எழுத்துல போடுங்க."

வியாழக்கிழமை காலை மேலாளர் அறைக்குப் போனேன். ஸ்கிரிப்டைத் திறந்து அவர் முன்னாலேயே ஓட்டினேன். முதலில் பழைய எண்களோடு: அக்காவின் பெயர் வந்தது. பிறகு சரியான கிழமைகளோடு: வரவில்லை. இரண்டு ஒற்றை நாள்கள் மட்டும், நடுவில் வெள்ளிக்கிழமை, வந்தார், போனார், நேரத்தோடு. அவர் மடிப்புக் கலையாமல் இரண்டையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

"ஓகே. கார்ட இப்பவே திறந்து விடறேன். விஷயம் முடிஞ்சிச்சு," என்றார்.

"முடியல சார். ஜனவரியிலருந்து இது எத்தனை பேர வெளிய அனுப்பிச்சுன்னு பார்த்தேன். இன்னும் சில பேர் இருக்காங்க. ஞாயிற்றுக்கிழமைய சேர்த்து மூணு ஆக்கியிருக்கு."

அவர் குரல் இறங்கியது. "அதெல்லாம் பழசு. போனவங்க போயிட்டாங்க. மேல தெரிஞ்சா உங்களுக்கும் சுசா, எனக்கும் தொல்லை. எதுக்கு நோண்டறீங்க? ஈமெயில் கீமெயில்னு ஒண்ணும் வேணாம்."

"அனுப்பிட்டேன் சார்."

"யாருக்கு?"

"தலைமையகத்துக்கு. எல்லா மேனேஜருக்கும். உங்களுக்கும்தான், இன்னும் பார்க்கல போல." பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வேலை எனக்கும் வேண்டும். வீட்டுக் கடன் எனக்கும் உண்டு. ஆனால் அந்த ஸ்கிரிப்ட் செய்ததை நானும் செய்ய வேண்டுமா? தெரிந்ததை விழுங்கிவிட்டு, வெற்றிகரமாக முடிந்தது என்று எழுதிவிட்டு, படுத்துக்கொள்ள வேண்டுமா? என்னால் ஆகாது. "வெள்ளிக்கிழமை ஆள் வரல, கார்டுதான் வந்திச்சுன்னு சொன்னீங்களே. அதை அந்த அக்காகிட்ட நீங்களே சரி பண்ணிடுங்க சார். அது என் வேலை இல்ல."

அவர் தன் திரையில் அந்த ஈமெயிலைத் திறந்தார். போனவர்களில் இரண்டு பேர் பின்னர் திரும்பி வந்தார்கள். ஒருவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. போனில் என்னை நன்றாக வைதார். பாவம், அவருக்குக் கிடைத்த காது என்னுடையதுதான் என்று முழுதாகக் கேட்டுக்கொண்டேன். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, மேலதிகாரியைத் தாண்டி ஈமெயில் அனுப்பியதற்காக. அதை என் மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். இன்றைக்கும் இருக்கிறது.

அந்த வியாழக்கிழமை சாயங்காலமே அக்காவுக்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரியில் தன் தங்கை எழுந்து கஞ்சி குடித்தாள் என்றார். கார்டு திறந்தாயிற்று, நாளைக்கே வரலாம் என்றேன்.

"யார் வாய் சொல்லிச்சு?"

"கம்ப்யூட்டர் சொல்லிச்சுக்கா. நீங்க வந்தீங்கன்னு."

"அது சரி. இன்னொரு வாய் இருக்கே," என்றார்.

மறுநாள் காலை பஸ்கள் வந்து நின்று, வாசலில் வரிசை சேர்ந்துவிட்டது. அக்கா சுழல்கேட்டுக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றுகொண்டிருந்தார், உள்ளே போகாமல், கார்டைக் கையில் வைத்துக்கொண்டு. பூப்போட்ட புதுச் சட்டை. நான் கூப்பிட்டதற்கு, "நீ போ தங்கச்சி, நான் வர்றேன்," என்றார். நான் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலாளர் வரிசையில் வந்தார். அவர் கேட்டை நெருங்கியதும் அக்கா அவருக்கு முன்னால் வந்து நின்றார். வழக்கமான குரலிலேயே கேட்டார். ஆகவே வாசல் முழுக்கக் கேட்டது.

"சார், இன்னைக்கு என்ன கிழமை?"

அவர் என்னைப் பார்த்தார், காவலாளியைப் பார்த்தார், பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார். யாரும் அசையவில்லை. லைன் லீடர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெள்ளிக்கிழமை," என்றார் மேலாளர்.

"நான் வந்திருக்கேனா?"

"வந்திருக்கீங்க."

"போன வெள்ளிக்கிழமை?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலே மறுபடி போட்டுக்கொண்டார். "போன வெள்ளிக்கிழமையும் வந்தீங்கக்கா. நான் சொன்னது தப்பு."

அக்கா தலையை ஆட்டினார். பிறகுதான் கார்டைத் தட்டினார். பச்சை எரிந்தது. அவர் உள்ளே போனார், வரிசை நகர்ந்தது.